மாத்திரை பதித்த தடம்

மனிதனுடைய உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்றும், உடலின் சொந்த உயிரணுக்களோ 30 லட்சம் கோடிதான் என்றும், அப்படியிருந்தும் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் முழுவதையும் தராசில் இட்டால் 200 கிராமே தேறும் என்றும் 2016இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அக்கூட்டத்தில் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில்தான் வசிக்கிறது. இத்தனை பெரிய ஜனத்தொகை நம் உணவில் பங்கு கொண்டு வாழ்கையில், உணவின் சர்க்கரையை உடல் கையாள முடியாமற்போகும் நீரிழிவு வியாதியில் மட்டும் அதற்கு யாதொரு சம்பந்தமும் இராது என்று எண்ணுவது கடினம். கிருமியே அண்டாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாக்களைப் புகட்டியபோது, அவை முன்னிலும் குறைவாகத் தின்றும், 14 நாட்களுக்குள் உடற்கொழுப்பு 60 சதவிகிதம் ஏறியதோடு, இன்சுலினுக்கு மசியாத தன்மையும் அவற்றிடம் தலைகாட்டியது என்று 2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெப்ரி கார்டனின் ஆய்வுக்கூடம் அறிவித்ததிலிருந்து, இந்த எண்ணம் ஆராய்ச்சியாளரை விடாமல் பற்றிக்கொண்டது.

எலியிலிருந்து மனிதனுக்கு வர எட்டு ஆண்டுகள் சென்றன. 2012இல் சீனத்து விஞ்ஞானிகள் 345 பேருடைய மலத்திலிருந்த மரபணுக்களை மொத்தமாகப் படித்துப் பார்த்து, நீரிழிவுக்காரர் குடலில் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்னும் பொருளை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குறைந்திருக்கின்றன என்றார்கள். மறு ஆண்டே ஸ்வீடன் தேசத்துக் கோதென்பர்க் நகரில், எழுபது வயதுப் பெண்கள் 145 பேரை வைத்து இதே ஆராய்ச்சி நடந்தது. இரண்டு தேசத்து ஜாபிதாக்களும் பியூட்டிரேட் விஷயத்தில் ஓரளவு ஒத்துப்போயினவேயன்றி, மற்ற அம்சங்களில், சீனத்தில் வியாதியைச் சுட்டிக்காட்டிய பாக்டீரியாக்கள் வேறு, ஸ்வீடனில் சுட்டிக்காட்டியவை வேறு என்னும்படி விலகி நின்றன. அதிலும் ஒரு விசித்திரம்: தயிர் உறைவதற்குக் காரணமான லாக்டோபாசில்லஸ் குடும்பத்தார், நன்மையே செய்பவர் என்று பெயர் வாங்கியவர், ஸ்வீடனின் நீரிழிவுப் பெண்களிடம் குறைவாக இல்லாமல் அதிகமாகக் காணப்பட்டார்கள்.

தேசத்துக்குத் தேசம் உணவு வேறு, ஆகவே கிருமியும் வேறு என்று சமாதானம் சொல்லி இதை விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் சிலருடைய சந்தேகம் வேறொரு பக்கம் திரும்பியது. நீரிழிவு உள்ளவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவர் பெரும்பாலும் நீரிழிவுக்கு மருந்து உண்பவராகவும் இருக்கிறார். அந்த மருந்து அனேகமாக மெட்பார்மின். ஐரோப்பிய நாட்டு மருத்துவர்கள் பழங்காலத்தில் கையாண்ட கலேகா என்ற செடியின் சத்தை ஒட்டி ஆக்கப்பட்டு, 1957இல் பிரான்சின் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவரால் நீரிழிவுக்குப் பிரயோகிக்கப்பட்ட இந்த மாத்திரையை, நம் ஊரில் காலைப் பலகாரம் முடிந்த கையோடு விழுங்காத சர்க்கரைக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயிற்றுப் பொருமலும் பேதியும் இதன் பிரசித்தமான உபத்திரவங்கள். குடலை இவ்வளவு கலக்கும் ஒரு மருந்து, அங்கே குடியிருப்பவரை மட்டும் கலக்காமல் விட்டிருக்குமா? தீயை அணைத்த வீட்டுக்குள் பிறகு நுழைந்தவன், தரையெங்கும் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, வெள்ளத்தால்தான் வீடு பாழாயிற்று என்று எழுதி வைப்பதைப் போன்ற காரியம் இங்கே நடந்திருக்கக்கூடும் அல்லவா?

நடந்துதான் இருந்தது. டென்மார்க், ஸ்வீடன், சீனம் ஆகிய மூன்று தேசங்களிலும் திரட்டிய 784 பேருடைய குடல் மரபணு விவரங்களை ஒன்றுசேர்த்து, அவர்களில் இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 199 பேரை, மெட்பார்மின் உண்போர் 93, உண்ணாதோர் 106 என்று பிரித்து, ஹைடல்பர்க் நகரைச் சேர்ந்தவர்களும் கோபன்ஹேகன் நகரத்தாரும் மற்றும் பலரும் கூடி 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதுவரை வியாதியின் அடையாளம் என்று கருதப்பட்டவற்றுள் கணிசமான பகுதி மாத்திரையின் அடையாளமே என்று வெளிப்பட்டது. மெட்பார்மின் உண்பவரிடத்தில் எஷ்சரீசியா என்ற இனம் பெருகுகிறது. இன்டெஸ்டினிபாக்டர் என்ற இனம் அருகுகிறது. மருந்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததும், புதிராக நின்ற லாக்டோபாசில்லஸ் பெருக்கமும் கரைந்துபோயிற்று. இத்தனைக்கும் இந்த மூன்று ஆராய்ச்சிகளும் வெளிவந்தது உலகத்தின் தலைசிறந்த விஞ்ஞானப் பத்திரிகைகளில் ஒன்றான 'நேச்சர்' இதழில்தான். பத்திரிகையின் பெருமையைப் பார்த்து மயங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும். அதைவிட, ஒரு மலப் பரிசோதனையை வைத்து 'உங்கள் குடலுக்கென்றே தயாரித்தது' என்று மாத்திரைப் புட்டி விற்க வருபவரிடம், சோதனைக்கு முன் என்னென்ன மருந்து சாப்பிட்டேன் என்று கேட்டீர்களா என்று நாம் கேட்பது இன்னும் அவசியம்.

சலித்த பிறகு எஞ்சியது ஒன்று உண்டு. மருந்து உண்ணாத நீரிழிவுக்காரரிடத்திலும், மூன்று தேசங்களிலும், பியூட்டிரேட் உண்டாக்குபவர் குறைந்தே இருந்தார்கள். பியூட்டிரேட் அற்பப் பொருளன்று. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் ரத்தத்தில் வருவதை எடுத்து எரிக்க, பெருங்குடலின் உட்சுவர் அணுக்கள் மாத்திரம் தங்கள் எரிபொருளில் பெரும்பங்கை, தவிட்டையும் கீரையையும் பருப்பின் தோலையும் பாக்டீரியா புளிக்கவைத்துத் தரும் இப்பொருளிலிருந்தே பெறுகின்றன. அச்சுவர் நலிந்தால், கிருமிகளின் மேலோட்டுத் துகள்கள் ரத்தத்தில் கசிந்து, மெல்லிய ஓர் அழற்சியை நிரந்தரமாக்கி, இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்கின்றன என்பது எலிகளில் நன்கு காட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் நல்ல குடல்வாசிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினால் என்ன? ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் அதையும் செய்து பார்த்தார்கள். ஒல்லியான தானக்காரரின் மலத்தைக் கரைத்துப் பருமனான ஆண்களின் குடலில் செலுத்தியபோது, ஆறு வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 18ஆம் வாரத்தில் பார்த்தால் அந்த ஆதாயம் மறைந்திருந்தது. பழைய குடித்தனக்காரர் லேசில் இடம் விடுவதில்லை.

இனிமேல்தான் கதை திரும்புகிறது. ஆராய்ச்சியைக் குழப்பிய கலப்படம் என்று ஒதுக்கப்பட்ட அந்த மாத்திரைத் தடம், மாத்திரை வேலை செய்யும் வழியாகவே இருக்கக்கூடாதா? புதிதாக நோய் கண்டு, மருந்தே தொடாத நோயாளிகளுக்கு நான்கு மாதம் மெட்பார்மின் கொடுத்து, கொடுக்குமுன் எடுத்த மலத்தையும் கொடுத்தபின் எடுத்த மலத்தையும் கிருமியற்ற எலிகளுக்குத் தனித்தனியே புகட்டிய ஒரு பரிசோதனை 2017இல் வெளியாயிற்று. மருந்துக்குப் பிந்திய மலத்தைப் பெற்ற எலிகள் சர்க்கரையை மேலாகச் சமாளித்தன. அந்த எலிகளின் வாயில் மெட்பார்மின் மாத்திரை எதையும் யாரும் போடவில்லை.

மெட்பார்மின் கல்லீரலுக்குள் சென்று சர்க்கரை உற்பத்தியைத் தணிக்கிறது என்பதே வெகுகாலமாகப் பாடபுத்தகம் சொல்லிவந்த விளக்கம். அது பொய்யென்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆயினும் விழுங்கிய மருந்தில் ஏறக்குறைய பாதிதான் ரத்தத்தில் கலக்கிறது. குடற்சுவரில் அது ரத்தத்தில் உள்ளதைப்போலப் பலமடங்கு செறிந்து தங்குகிறது. இரைப்பையிலும் மேற்குடலிலும் கரையாமல், கீழ்ச் சிறுகுடலை அடைந்த பிறகே கரையும்படி பூச்சு பூசிய மெட்பார்மினை அமெரிக்காவில் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள்: ரத்தத்தில் ஏறிய மருந்து சாதாரண மாத்திரையில் ஏறுவதில் பாதியளவே இருந்தும், பன்னிரண்டு வாரங்களும் சர்க்கரை குறைந்தேயிருந்தது.