கைநாட்டுக்குப் பின் வந்த கையெழுத்து

எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட பழைய புகைப்படங்களைச் சேர்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்றே பலர் நினைக்கிறோம். வெளிநாடுகளில் அவை ஏலத்துக்கும் வருகின்றன. ஆனால், நம் தெருக்களில் அந்தப் படங்களுக்குப் பொருள் வேறு. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள், பேனா பிடித்துத் தம் பெயரைத் தாமே எழுதியதற்கு அவை சாட்சி.

1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுத் தந்தவர் அவரே என்று சொல்வதுண்டு.

1907-இல் 'ஒரு பைசா தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1914-இல் மறைந்தார். பிறகு பல பத்தாண்டுகள் பாடநூல்கள் அவரைப் பேசவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் காத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நம் கைக்கு வந்தது. காகிதம் போனால் வரலாறும் போகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

தனி மனிதர் சேகரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா உதாரணம். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன.

நம் மாவட்டத்திலும் தேட இடம் இருக்கிறது. 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். காட்டுமன்னார்கோவில் எல். இளையபெருமாள், தீண்டாமை பற்றி நாடு முழுவதும் ஆய்ந்து 1969-இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர். இவர்களோடு படித்தவர்கள், உழைத்தவர்கள் வீட்டுப் பரணில் குழுப்படமோ கையெழுத்திட்ட படமோ இருக்கலாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது குப்பைக்குப் போவதும் அவைதான்.

வேப்பூர் மாணவர்கள் விடுமுறையில் இதைச் செய்யலாம். தாத்தா, பாட்டியிடம் படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதிலைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள், பழைய மை கரைந்துவிடும். வெயில் படாத இடத்தில் வைத்து, ஸ்கேன் செய்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து உண்மையானதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மை தேங்கி நின்றால் பேனா.

பழையது மட்டும்தான் என்றில்லை. 1994-இல் 'கோவேறு கழுதைகள்' நாவலைத் தந்து, 2020-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற இமையம் நம் வட்டாரத்துக்காரர்தான். எழுத்தாளர்கள் நம் பள்ளிக்கும் நூலகத்துக்கும் வரும்போது படம் எடுத்து, கையெழுத்தும் தேதியும் வாங்கி, நூலகத்தில் மாட்டி வைப்போம். கைநாட்டு வைத்த தாத்தாவின் பேத்தி அதைப் படித்துப் பார்க்கட்டும்.