பி.எல். உங்கள் பீரோவில், சரக்கு யார் கையில்?

"மூணு ஒரிஜினல் பி.எல்.லும் என் பீரோவுலதான் இருக்கு. பணம் ஒரு ரூபாய்கூட வரலை. ஆனா பையர் சரக்கை எடுத்து வித்தே முடிச்சிட்டான்." கரூரில் விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுகிறவர்களிடமும், திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை அனுப்புகிறவர்களிடமும், பொள்ளாச்சியில் தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள் அனுப்புகிறவர்களிடமும் பேச்சுக் கொடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். கண்டெய்னர் கடலில் விழுந்தால் செய்தியாகிறது. இது செய்தியாவதில்லை. வங்கிக் கடனை அடைக்க ஒரு குடும்பம் தறியை விற்பதோடு முடிந்துவிடுகிறது.

இதை முன்கூட்டியே தடுக்க வழி இருக்கிறது. நடந்துவிட்டால் மீட்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கெடு உண்டு. புதிதாக ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கி முதல் கண்டெய்னரை அனுப்பப்போகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பி.எல். எனப்படும் பில் ஆஃப் லேடிங் மூன்று வேலை செய்கிறது. சரக்கை வாங்கிக்கொண்டதற்கு அது ரசீது. ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சரக்கின் மேல் உள்ள உரிமையையே அந்தக் காகிதம் சுமக்கிறது. அடகுக் கடைச் சீட்டைக் கொடுத்தால்தான் நகை திரும்பும் என்பதுபோல, 'டு ஆர்டர்' என்று எழுதிய பி.எல்.லின் அசலை ஒப்படைத்தால்தான் சேரும் துறைமுகத்தில் சரக்கை விட வேண்டும். அசலை வாங்காமல் விட்டால் ஏற்றிச்சென்ற நிறுவனம் அதற்குப் பொறுப்பு. இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்குப் போன சைக்கிள் பாகங்களை பி.எல். இல்லாமல் விட்ட வழக்கில், காகிதத்தில் அச்சிட்ட விலக்கு விதிகள் கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றாது என்று பிரிவி கவுன்சில் 1959-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இது பற்றிய சட்டம் 1856-ஆம் ஆண்டிலிருந்து இருந்தது. அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் 2025-இல் புதிய பில்ஸ் ஆஃப் லேடிங் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சரக்கு கைமாறிவிடுகிறது. காரணம், பி.எல். என்ற பெயரில் நம் கைக்கு வரும் காகிதம் பல நேரம் கப்பல் நிறுவனம் கொடுத்ததாக இருப்பதில்லை.

பையர் எஃப்.ஓ.பி. விலையில் ஆர்டர் கொடுக்கிறார். கப்பல் கூலி அவருடையது, அதனால் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரையும் அவரே நியமிக்கிறார். தொழிலில் இதை நாமினேஷன் கார்கோ என்கிறார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ உள்ள ஏஜென்ட் உங்கள் சரக்கை வாங்கிக்கொண்டு ஒரு பி.எல். தருகிறார். அது ஹவுஸ் பி.எல். கப்பல் நிறுவனம் கொடுக்கும் மாஸ்டர் பி.எல். தனியாக இருக்கிறது. அதில் சரக்கைப் பெறுகிறவர் என்ற கட்டத்தில் ஃபார்வர்டரின் வெளிநாட்டு ஏஜென்டின் பெயர் இருக்கும். கப்பல் நிறுவனம் மாஸ்டர் பி.எல்.லைப் பார்த்து அந்த ஏஜென்டிடம் சரக்கை விட்டுவிடும், அதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. அதற்குப் பிறகு உங்கள் ஹவுஸ் பி.எல்.லின் அசலை வாங்கிய பின்தான் அந்த ஏஜென்ட் பையருக்குச் சரக்கைத் தர வேண்டும். அவரை நியமித்தவரும் பையர், மாதாமாதம் தொழில் கொடுப்பவரும் பையர். அந்தக் கணத்தில் உங்கள் பணத்துக்கு அவருடைய நாணயம் ஒன்றுதான் காவல்.

ஹவுஸ் பி.எல்.லின் கீழே கையெழுத்து இடும் இடத்தைப் படியுங்கள். 'ஏஜென்டாக மட்டும்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருந்தால், கையெழுத்துப் போட்ட சென்னைக்காரர் பொறுப்பிலிருந்து முன்கூட்டியே விலகி நிற்கிறார் என்று அர்த்தம். பொறுப்பாளி வெளிநாட்டில் உள்ள ஒரு நிறுவனம். அது ஒற்றை அறையில் நடக்கிறதா, நாளைக்கு இருக்குமா என்று உங்களுக்குத் தெரியாது.

என் கருத்தில், புதியவர்கள் முழுப் பணமும் முன்கூட்டி வராத வரை நாமினேஷன் கார்கோவை ஏற்கவே கூடாது. ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் சில நிபந்தனைகளை வையுங்கள். முழுக் கண்டெய்னராக இருந்தால் கப்பல் நிறுவனத்தின் பி.எல்.லையே உங்கள் பெயரில் கேளுங்கள். ஷிப்பர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனம், பெறுகிறவர் என்ற இடத்தில் உங்கள் வங்கியின் ஆர்டர். பிறர் சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். என்றால் இது முடியாது. அப்போது பி.எல். கொடுப்பவர் பல்வகைப் போக்குவரத்து இயக்குநராக, அதாவது எம்.டி.ஓ.வாக, மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தக் கூடாது. கூடவே, அசல் பி.எல். இல்லாமல் சரக்கை விடமாட்டோம், விட்டால் சரக்கின் விலைக்கு நாங்களே பொறுப்பு என்று இங்குள்ள ஏஜென்டிடம் லெட்டர் ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் தருவார். தர மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று யோசிக்க அதுவே போதிய காரணம்.

பெரும்பாலும் மூன்று அசல்கள் தருவார்கள். ஒன்றை ஒப்படைத்ததும் மற்ற இரண்டும் செல்லாது. 'கப்பல் சீக்கிரம் வந்துவிடும், ஒரு பிரதியை மட்டும் கூரியரில் அனுப்புங்கள்' என்று பையர் கேட்டால், அவர் கேட்பது சரக்கு முழுவதையும். மூன்றும் சேர்ந்தே வங்கி வழியாகப் போகட்டும். அதேபோல 'டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்துடலாமா சார்?' என்று ஃபார்வர்டரின் அலுவலகத்துப் பையன் சாதாரணமாகக் கேட்பான். பணம் கணக்கில் ஏறும்முன் சரி என்று சொல்லாதீர்கள். அசலை இங்கேயே ஒப்படைத்து, அங்கே காகிதம் இல்லாமல் சரக்கை விடச் சொல்வதுதான் டெலக்ஸ் ரிலீஸ். பி.எல்.லுக்குப் பதிலாகக் கொடுக்கும் சீ வேபில் என்பதற்கு அசல் காகிதமே தேவையில்லை. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: 'டு ஆர்டர்' என்று இல்லாமல் பையரின் பெயரை நேரடியாக எழுதிய பி.எல்.லுக்கு, அந்நாட்டுச் சட்டப்படி அசலை வாங்காமலே பெயருக்குரியவரிடம் சரக்கைக் கொடுக்கலாம். இங்கே பீரோவில் பூட்டி வைத்த காகிதத்தால் அங்கே எதையும் தடுக்க முடியாது.

எஃப்.ஓ.பி.யில் இன்னொரு ஓட்டையும் உண்டு. சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான் அபாயம் பையருக்கு மாறுகிறது. ஆனால் நாம் கண்டெய்னர் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸில் சில நாள் முன்பே ஒப்படைத்துவிடுகிறோம். இடையில் தீயோ வெள்ளமோ வந்தால் நஷ்டம் நம்முடையது, பையரின் காப்பீடு அதைத் தொடாது. அதனால்தான் கண்டெய்னர் சரக்குக்கு, ஒப்படைத்ததுமே அபாயம் பையருக்கு மாறும் எஃப்.சி.ஏ. என்ற விதிமுறையே பொருத்தம் என்று, இன்கோடெர்ம்ஸ் என்ற வணிக விதிமுறைகளை வெளியிடும் சர்வதேச வணிக சபை சொல்கிறது.

இனி பி.எல்.லில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். பார்வைக்குச் சிறிய விஷயம், ஆனால் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். கடல் வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 1925-ஐச் சேர்ந்தது. அதன் இடத்துக்கு 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதன்படி சரக்கு சேதமானாலும் காணாமல் போனாலும் கப்பல் நிறுவனம் முழு விலையைத் தர வேண்டியதில்லை. சரக்கின் தன்மையையும் மதிப்பையும் முன்கூட்டியே அறிவித்து பி.எல்.லில் பதியாவிட்டால் உச்சவரம்பு உண்டு: ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்று ஏறத்தாழ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 டன் எடையுள்ள துணி, 600 அட்டைப்பெட்டி, விலை 40 லட்சம் ரூபாய். பி.எல்.லில் 'ஒரு கண்டெய்னர்' என்று மட்டும் எழுதியிருந்தால் கண்டெய்னரே ஒரு பொதி. எடைக் கணக்கில் 12,000 எஸ்.டி.ஆர்., சுமார் 14 லட்சத்தோடு வாய்ப்பு முடிகிறது. '600 பெட்டி' என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வரம்பு, முழு விலையையும் கேட்கலாம். வரைவு பி.எல். மின்னஞ்சலில் வரும்போது பெயர் எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துவிட்டு 'ஓகே' என்று பதில் போடாதீர்கள்.

காப்பீடு இல்லாமல் அனுப்புவதை நான் சூதாட்டம் என்றே சொல்வேன். நம் சரக்குக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பணம் கட்ட நேரும் என்பது பலருக்குத் தெரியாது. 2021 மார்ச் 23-ஆம் தேதி சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரைதட்டியது நினைவிருக்கும். ஆறு நாளில் விடுவித்தார்கள். பிறகு கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் சேர்த்துக் காப்பாற்ற ஆன செலவைக் கப்பல் உரிமையாளரும் சரக்குக்காரர்கள் எல்லாரும் மதிப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்பது கடல் வணிகத்தின் மிகப் பழைய விதி. காப்பீடு உள்ளவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தந்துவிடும். இல்லாதவர் ரொக்கமாக வைப்புத்தொகை கட்டினால்தான் சரக்கைக் காண முடியும்.

பாலிசியில் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று வகை உண்டு. 'ஏ' விரிவானது. 'சி' கப்பல் மூழ்குவது, தீ போன்ற பெரிய விபத்துகளுக்கு மட்டும். மழைநீர் புகுந்தாலோ திருடு போனாலோ அதில் ஒன்றும் கிடைக்காது. 'ஏ' எடுத்தவர்களுக்கும் தாமத நஷ்டம், சரியாகப் பேக்கிங் செய்யாதது, சரக்கின் இயல்பிலேயே வரும் கெடுதல் ஆகியவை விலக்கு. ஈரம் சரியாகக் காயாத நார்க்கழிவு கண்டெய்னருக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடித்தால் காப்பீட்டுக்காரர் இந்த விலக்கைத்தான் காட்டுவார். ஏற்றும்முன் ஒருவர் கண்டெய்னருக்குள் நின்று கதவைச் சாத்திப் பார்க்கட்டும். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் தண்ணீரும் வரும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். ஏற்றிய சரக்கு, பூட்டிய சீல், கண்டெய்னர் எண் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

பையர் பணம் தராமல் போகிற அபாயத்தைக் கடல் காப்பீடு தொடாது. அதற்கு அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான ஈ.சி.ஜி.சி. இருக்கிறது. ஆர்டரை ஏற்கும்முன்னரே அங்கே பையருக்குக் கடன் வரம்பு கேளுங்கள். வரம்பு கிடைக்காத பையரைப் பற்றி அதுவே ஒரு தகவல். பணம் வராவிட்டால் நஷ்டம் சரக்கோடு நிற்பதில்லை. ரிசர்வ் வங்கி வைத்த கெடுவுக்குள் ஏற்றுமதித் தொகை வராதபோது டிராபேக் என்று திரும்பப் பெற்ற சுங்கவரியையும் மறுபடி கட்டச் சொல்வார்கள்.

பையர் சரக்கை எடுக்காமலே கைவிடுவதும் உண்டு. அப்போது டெமரேஜ், டிடென்ஷன் என்று நாள்தோறும் ஏறும் தாமதக் கட்டணங்கள் ஷிப்பர் என்று பெயர் உள்ள உங்களைத் தேடித்தான் வரும். 'சரக்கு எங்களுக்கு வேண்டாம்' என்று கடிதம் கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு தீராது. முதல் வாரத்திலேயே வேறு பையரைத் தேடுங்கள் அல்லது திருப்பி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். துருக்கி போன்ற நாடுகளில் திருப்பி எடுக்கக்கூடப் பழைய பையரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே அந்தச் சம்மதத்தை எழுதி வாங்கிவிடுவது நல்லது.

மீறி நடந்துவிட்டால் என்ன செய்வது? சரக்கு கைமாறியதாகச் சந்தேகம் வந்த அன்றே கண்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். காலிக் கண்டெய்னர் திரும்பிவிட்டது என்று காட்டினால் சரக்கு வெளியே போய்விட்டது. உடனே இங்குள்ள ஏஜென்ட், ஹவுஸ் பி.எல். கொடுத்தவர், கப்பல் நிறுவனம் மூவருக்கும் எழுத்தில் கேளுங்கள்: சரக்கு எங்கே, யாரிடம், எந்தக் காகிதத்தின் பேரில் விடப்பட்டது? சரக்கு இன்னும் கிடங்கில் இருந்தால் அந்தக் கடிதமே அதை நிறுத்திவைக்க உதவும். பையர் மீதான வணிகத் தகராறுகளுக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் சென்னை, கோவை, மதுரை அலுவலகங்களில் புகார் தரலாம். அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கும் எழுதலாம். இவை நீதிமன்றங்கள் இல்லை, வற்புறுத்திப் பணம் வாங்கித்தரும் அதிகாரமும் இல்லை. ஆனாலும் தொடர்ந்து தொழில் செய்ய நினைக்கும் பையருக்கு அந்தக் கடிதம் உறைக்கும்.

வழக்கு என்றால் பி.எல்.லின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றின் பி.எல்.லில் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் கடல்சார் வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம் இந்திய வணிகர்களுக்கு ஒரு நல்ல ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறது: சென்னை உள்ளிட்ட கடலோர உயர் நீதிமன்றங்கள் சரக்குக் கோரிக்கைக்காகக் கப்பலையே பிடித்துவைக்க உத்தரவிடலாம். 2025 மே 25-ஆம் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கொச்சி அருகே 640 கண்டெய்னர்களோடு மூழ்கியபோது, சரக்கை இழந்த கேரள முந்திரி இறக்குமதியாளர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய், விழிஞ்ஞத்துக்கு வந்திருந்த இன்னொரு எம்.எஸ்.சி. கப்பலை நிறுத்திவைக்க உத்தரவு பெற்றார்கள். கப்பல் நின்றால் உரிமையாளர் பிணைத்தொகை கட்ட ஓடி வருவார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கெடு நிற்கிறது. வெளியே தெரியும் சேதத்தைச் சரக்கை எடுக்கும்போதே எழுத்தில் குறிக்க வேண்டும், உள்ளே இருப்பதை மூன்று நாளுக்குள். கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட, சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து அல்லது கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரே ஆண்டு. எம்.டி.ஓ. மீது என்றால் ஒன்பது மாதம்தான். 'தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்', 'பரிசீலனையில் இருக்கிறது' என்று மாதக்கணக்கில் மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். அவை கெடுவை ஒரு நாள்கூட நீட்டிக்காது. பேச்சு முடியாமல் எட்டாவது மாதம் பிறந்தால், குறிப்பிட்ட தேதி வரை கால அவகாசத்தை நீட்டிப்பதாக எதிர்த்தரப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். தரவில்லை என்றால் அந்த வாரமே அட்மிரால்டி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் பி.எல்., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், மின்னஞ்சல் பிரதிகள் அனைத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.