அறுவை சிகிச்சைக்குப் பின்னும் மூளைக்கட்டி திரும்புவது ஏன்? செல்களை நகர்த்தும் வளர்ச்சிக் காரணிகள்

கோலார் தங்கவயல்: 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலில் வேலைக்கும் உயர் சிகிச்சைக்கும் பலர் பெங்களூருவையே நம்பியுள்ளனர். மூளை, நரம்பியல் நோய்களுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனை அங்குதான் உள்ளது. மூளைக்கட்டி அறுவை சிகிச்சை முடிந்த குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றே: கட்டியை அகற்றிய பிறகும் அது மீண்டும் வருவது ஏன்?

கட்டியை விட்டு வெளியேறும் செல்கள்

மூளையில் தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. இதன் செல்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. தங்கம் ஓடும் பாறைப் படிவத்தைப் பின்தொடர்ந்து சுரங்கம் தோண்டப்படுவதைப் போல, இவை நரம்பிழைகளையும் ரத்த நாளங்களையும் ஒட்டியே நகர்ந்து செல்கின்றன. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வால்டர் டேண்டி, மூளையின் வலது அரைக்கோளத்தையே அகற்றிய சிகிச்சைகளை 1928ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனாலும் நோயை ஒழிக்க இயலவில்லை.

நகர்வைத் தூண்டுவது எது?

செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். இவற்றைக் கண்டறிந்ததற்காக ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொன்டால்சினி ஆகியோருக்கு 1986ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வளர்ச்சிக் காரணி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்தியதும் உள்ளே சமிக்ஞை பாய்கிறது. செல்லின் முன்பகுதி நீள்கிறது. இன்டெக்ரின் எனும் புரதங்கள் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்கின்றன. பின்பகுதி விடுபட்டு முன்னே இழுக்கப்படுகிறது. தடையாக உள்ள திசுவை நொதிகள் கரைத்து வழி ஏற்படுத்துகின்றன.

கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம், இ.ஜி.எஃப்.ஆர் என்ற ஏற்பிக்கான மரபணு பல மடங்கு பெருகிக் காணப்படுகிறது. இந்த ஏற்பியின் சிதைந்த வடிவம் ஒன்று, பொத்தானை அழுத்தாமலே ஒலிக்கும் அழைப்பு மணி போல, வளர்ச்சிக் காரணி இல்லாமலே சமிக்ஞை அனுப்புகிறது.

பெங்களூரு ஆய்வு கூறுவது

இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியுடன் பிணையும் புரதங்களை நிம்ஹான்ஸ் மருத்துவர் வாணி சந்தோஷ் உள்ளிட்டோர் ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஐ.ஜி.எஃப்.பி.பி-3 மிகுந்திருந்த நோயாளிகளின் வாழ்நாள் குறைவாக இருந்தது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐ.ஜி.எஃப்.பி.பி-2, இன்டெக்ரினுடன் பிணைந்து செல் நகர்வுக்குத் துணைபுரிகிறது. இதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் துண்டு ஒன்றை, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் பி. கொண்டையா குழுவினர் உருவாக்கினர். அது ஆய்வகத்தில் கட்டிச் செல்களின் நகர்வையும் ஊடுருவலையும் குறைத்ததாக 2015ஆம் ஆண்டில் அறிவித்தனர். இது ஆய்வக முடிவு மட்டுமே. நோயாளிகளுக்கான மருந்து அல்ல.

மருந்து எளிதில் பலிக்காதது ஏன்?

நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பிரிவினருக்குப் பலன் தரும் இ.ஜி.எஃப்.ஆர் தடுப்பு மருந்துகள், மூளைக்கட்டியில் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் மருந்து புகுவதே கடினம். மேலும், ஓர் ஏற்பியை அடைத்தால் கட்டிச் செல் வேறோர் ஏற்பி வழியாகச் சமிக்ஞை பெறுகிறது.

இதனால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை ஆகிய மூன்றும் இணைந்ததே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. 2005ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்களாகவும், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதங்களாகவும் இருந்தது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

ஸ்கேனில் தெரியாத செல்கள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால்தான், கட்டி இருந்த இடத்தைச் சுற்றி 1.5 முதல் 2 செ.மீ. வரையிலும் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. வழக்கமாக இது வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரங்கள் நீடிக்கும். தங்கவயலிலிருந்து சுமார் 100 கி.மீ. ரயிலில் சென்று வருவோருக்கு இது பெரும் சுமை. இருப்பினும், உடல்நலம் தேறியதாகத் தோன்றினாலும் சிகிச்சையை இடையில் நிறுத்துவதும், அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளைத் தவிர்ப்பதும் ஆபத்தானவை.

பெரியவர்களுக்கு முதன்முறையாக வரும் வலிப்பு, காலையில் அதிகரிக்கும் தொடர் தலைவலி, பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கக் கை கால் பலவீனம் ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.