சுமைக்கு இடம் கூறும் சொற்கள்

ஈசூன் என்று இன்று நாம் வழங்கும் வட்டாரம், வணிகர் லிம் நீ சூன் (1879–1936) அவர்களின் பெயரால் அமைந்தது. நீ சூன் என்பது அப்பெயரின் தியோச்சியூ ஒலிப்பு; ஈசூன் என்பது மாண்டரின் ஒலிப்பு. 1942ஆம் ஆண்டு சிங்கப்பூர் வீழ்ந்தபின், பிப்ரவரி 17ஆம் நாள் இந்தியப் போர்வீரர் ஏறத்தாழ 40,000 பேர் ஃபேரர் பார்க் திடலில் ஒன்றுகூட்டப்பட்டனர். பின்னர் அவர்கள் வைக்கப்பட்ட முகாம்களுள் நீ சூன் முகாமும் ஒன்று. 1943 அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் இடம்பெற்றனர்.

இவ்வரலாற்றை மாணவர் மேடையில் நடிக்கும்போது அக்காலப் போருடையும் பைகளும் அணிவது உண்டு. உடையைத் தேடிப் பெறுவதில் காட்டும் அக்கறையை, அதைச் சுமக்கும் முறையில் நாம் காட்டுவதில்லை. ஒத்திகை முடிவதற்குள் தோள் சிவக்கிறது; கழுத்து வலிக்கிறது. தேசிய சேவையில் சேரவிருக்கும் இளைஞர்க்கும் இது தேவையான அறிவே. அவ்வறிவைத் தமிழ்ச் சொற்கள் நான்கு பொதிந்து வைத்துள்ளன: கச்சை, சும்மாடு, கா, சுமைதாங்கி.

அக்காலப் பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் பரவலாக வழங்கியது 1937ஆம் ஆண்டு வகைப் பருத்திப் பட்டைத் தொகுதி. இடுப்பு வார், இரு தோள்வார்கள், முன்புறம் இரு தோட்டாப் பைகள், முதுகில் ஒரு சிறுபை, பக்கத்தில் நீர்க்குடுவை ஆகியன அதன் உறுப்புகள். இவற்றை நம் சொற்களோடு பொருத்திக் காண்போம்.

கச்சை என்பது இடையில் இறுகக் கட்டும் பட்டை. ‘கச்சை கட்டுதல்’ போருக்கு அணியமாதலைக் குறிக்கும். ‘வரிந்து கட்டுதல்’ என்னும் வழக்கும் அதன் உறவே. இடுப்பு வார் தளர்ந்திருந்தால் பைகள் ஒவ்வோர் அடிக்கும் ஆடும். அவ்வாட்டத்தை அடக்கவே உடல் பெருமுயற்சி செய்ய நேரும். ஆகவே முதலில் கச்சை இறுக வேண்டும். ஆனால் மூச்சு தடைப்படக் கூடாது.

சும்மாடு என்பது தலைக்கும் சுமைக்கும் இடையே வைக்கும் துணிச்சுருள். அது பாரத்தைக் குறைப்பதில்லை. ஒரு புள்ளியில் அழுந்துவதைப் பரப்பிவிடுகிறது. 1937 வகைத் தோள்வாரின் அகலம் 1 அங்குலம். தோளின்மேல் படியும் பகுதி மட்டும் 2 அங்குலம். இது சும்மாட்டின் நெறியே. மெல்லிய வாராயின் அடியில் மடித்த துணி வைக்கலாம். வியர்வையில் நனைந்த பருத்தி தோலை உராயும். எனவே நம் தட்பவெப்பத்தில் கழுத்துப்பட்டியுள்ள சட்டையின்மேல் வாரை அணிவதே நன்று.

கா என்பது இருபுறமும் சுமை தொங்கும் தோள்தண்டு. காவுதல், காவடி ஆகியவை இதன் இனச்சொற்கள். யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘காவிக்கொண்டு போ’ என்பது இன்றும் இயல்பான வழக்கு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் காவடியைக் காணும் நம் மாணவர்க்குச் சமநிலை என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. போர்வீரரின் முதுகுப்பை வார்கள் முன்புறத் தோட்டாப் பைகளோடு இணைக்கப்பட்டிருந்தன. முன்னும் பின்னும் ஒன்றையொன்று தாங்கின. நடிக்கும் மாணவர் முன்பைகளை வெறுமையாக விட்டு முதுகுப்பையை மட்டும் நிரப்பினால், உடல் முன்னோக்கி வளையும். கனமானவற்றை முதுகையொட்டி வைத்து, முன்பைகளிலும் சிறிது எடை இடுக.

சுமைதாங்கி என்பது வழியோரத்தில் இரு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தி அமைப்பது. பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரம் உடையது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதை அமைப்பது தமிழ்நாட்டு மரபு. ஓய்வும் சுமத்தலின் ஒரு பகுதி என்பதை அது உணர்த்துகிறது. ஒத்திகையில் சுமை இறக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே வகுத்தல் வேண்டும். கொக்கிகளை மாணவர் தாமே கழற்றப் பழக வேண்டும். பள்ளிப்பைக்குப் பொதுவாகக் கூறப்படும் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவை இங்கும் கொள்ளலாம். 50 கிலோ எடையுள்ளவர்க்கு 5 கிலோ போதும்.

‘பேக்’ என்னும் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கும் மாணவர்க்கு, சுமை உடலில் எங்கே தங்குகிறது என்று சிந்திக்க அச்சொல் உதவுவதில்லை. ஆசிரியர்கள் இந்நான்கு சொற்களையும் பட்டியலாக எழுதிப்போடாமல், பையைத் தோளில் ஏற்றும் வேளையில் ஒவ்வொன்றாகக் கற்பிக்க வேண்டுகிறேன். உடல் உணர்ந்து கற்ற சொல் தேர்வு முடிந்தபின்னும் நினைவில் நிற்கும்.