வீணடுக்கு: பயனில் மீள்செயலைக் குறிக்கும் நகைச்சொற்கள்

ஒருமுறை செய்து பயன் காணாதவிடத்தும் அதனையே அவ்வாறே மீண்டும் மீண்டும் செய்தல் மக்களிடைக் காணப்படும் இயல்புகளுள் ஒன்று. மின்தூக்கியின் பொத்தான் ஒளிர்ந்த பின்னரும் அதனைப் பன்முறை அழுத்துவாரும், பொருந்தாத சாவியையே பூட்டில் திருப்பித் திருப்பி இடுவாரும் எவ்வூரினும் உளர். இச்செயலுக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டா? இல்லையெனின், ஆக்குதற்கு நம் இலக்கணம் வழி தருமா? இவை சிறுவினாக்கள் போலத் தோன்றினும், சொல்லாக்கத்தின் இயல்பையும், முயற்சிக்கும் பிடிவாதத்துக்கும் இடைப்பட்ட எல்லையையும் ஒருங்கே விளக்குவன. ஆதலின் ஈண்டு ஆராயப்படுகின்றன.

1. பிறமொழி முயற்சி

அமெரிக்க நகைச்சுவையாளர் ரிச் ஹால் என்பார் 1980களில் தொலைக்காட்சி வாயிலாக 'சினிக்லெட்' எனப்படும் புதுச்சொற்களைப் பரப்பினார். 1984இல் அவை நூலாகவும் வெளிவந்தன. அகராதியில் இல்லாததும், ஆனால் இருக்கத் தக்கதுமாகிய சொல்லே சினிக்லெட் ஆகும். அவற்றுள் ஒன்று 'கார்பெர்பெச்சுவேஷன்' என்பது. தரைவிரிப்பில் கிடக்கும் நூலிழை ஒன்றன்மீது தூசி உறிஞ்சும் பொறியைப் பன்முறை ஓட்டி, அஃது ஏறாமை கண்டு, இழையைக் கையால் எடுத்து உற்று நோக்கி, மீண்டும் கீழே இட்டுப் பொறிக்கு இன்னுமொரு வாய்ப்பளித்தல் என்பது அதன் பொருள். விரிப்பைக் குறிக்கும் சொல்லும் நீட்டித்தலைக் குறிக்கும் சொல்லும் தம்முள் கலந்து இச்சொல் ஆயிற்று. இழை கைக்கு வந்தபோதே வேலை முடிந்துவிட்டது. செய்தவனோ அதனை முடிந்ததாகக் கொள்ளவில்லை. நகை பிறப்பது இவ்விடத்தேயாம்.

2. தமிழ் வழக்கு

தமிழில் இக்கருத்தைச் சுட்டும் தொடர்கள் பல. அவற்றை நால்வகையாகப் பகுக்கலாம். மணலைக் கயிறாகத் திரித்தல், கல்லில் நார் உரித்தல் என்பன பொருளின் பொருந்தாமையைச் சுட்டுவன. செவிடன் காதில் ஊதிய சங்கு, எருமைமேல் பெய்த மழை என்பன ஏற்பார்மேல் வைத்துக் கூறுவன. உடும்புப்பிடி, குரங்குப்பிடி, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பன செய்வானது உறுதியைப் பற்றியன. அரைத்த மாவையே அரைத்தல், வேதாளம் மீண்டும் முருங்கை ஏறுதல் என்பன மீட்சியையே பொருளாகக் கொண்டன.

இவற்றுள் முதலிரு வகைகளில் பயனின்மை உண்டு; பிடிவாதம் இன்றியமையாததன்று. மூன்றாம் வகையில் பிடிவாதம் உண்டு, மீட்சி இல்லை. நான்காம் வகையில் மீட்சி உண்டு. செய்வானது நம்பிக்கை இல்லை. மீட்சி, பயனின்மை, விடாமை, 'இம்முறை பலிக்கும்' என்னும் நம்பிக்கை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த தனிச்சொல் இவற்றுள் இல்லை என்பது இப்பகுப்பால் புலனாம்.

செக்குமாடு என்னும் சொல் அக்குறையை நிரப்பும் எனச் சிலர் கருதலாம். 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் நாள்தோறும் ஒரே வேலையைச் செய்வார் தம் வாழ்வைச் செக்குமாட்டு வாழ்வு எனக் கூறிக்கொள்ளுதல் இயல்பே. ஆயின், மாடு சுற்றினால் எண்ணெய் வருகின்றது, உழைப்பு வீணாவதில்லை. அஃது இடம் பெயராமை மட்டுமே அங்கு உண்டு. அதுவும் தன் விருப்பத்தால் சுற்றுவதன்று, பூட்டியவன் ஓட்டச் சுற்றுவது. ஆகலின், தானே விரும்பிச் செய்யும் வீண்செயலுக்கு அச்சொல்லை ஏற்றுதல் மாட்டுக்கும் உழைப்பாளிக்கும் இழுக்காகும்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்த சீடர்கள் தம்மை எண்ணிப் பார்க்கும் பகுதி இந்நான்கு கூறுகளும் நிறைந்த சான்றாகும். எண்ணுவோர் மாறினும் தம்மை விட்டு எண்ணும் முறை மாறவில்லை; ஆகவே ஒருவர் குறைவதும் மாறவில்லை. கதை உண்டு, அதற்கேற்ற சொல்தான் பிறக்கவில்லை.

3. விடாமுயற்சியும் விடாப்பிடியும்

இவ்விரு சொற்களின் முதலிலும் 'விடா' என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமே நிற்கின்றது. எனினும் ஒன்று புகழ், மற்றொன்று பழி. வள்ளுவர் ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரத்தில் போற்றிப் பேதைமையை 84ஆம் அதிகாரத்திலும் புல்லறிவாண்மையை 85ஆம் அதிகாரத்திலும் கடிந்தார். முயற்சியுடையான் குறிக்கோளை விடான். வழி பயன்படாதெனின் அதனை மாற்றுவான். பிடிவாதமுடையான் வழியையே விடான். குறிக்கோளை மறப்பினும் மறப்பான். வெளித்தோற்றத்தில் இருவரும் ஒத்திருத்தலின், வேறுபாடு காட்ட ஒரு சொல் வேண்டப்படுகின்றது.

4. இலக்கணம் காட்டும் வரம்பு

சொற்கள் அடுக்கி வருதற்குத் தொல்காப்பியர் எச்சவியலில் வரம்பு கட்டினார். இசைநிறைக்கு வரும் அடுக்கு நான்கின் மிகாது. விரைவின்கண் வரும் அடுக்கு மூன்றின் மிகாது. 'தீ தீ தீ' என்பான் விரைவை உணர்த்திவிட்டான். மேலும் அடுக்கின் பொருள் மிகுவதில்லை. மின்தூக்கியின் முன் நிற்பானும் விரைவாலேயே அடுக்குகின்றான். மூன்று முறைக்கு மேல் அவன் அழுத்துவது சொல்லாயிருப்பின் வழுவாகும்.

இவ்வொப்புமை பற்றி, பயனில் மீள்செயலை 'வீணடுக்கு' என வழங்கலாம். வீண், அடுக்கு என்னும் இரண்டும் மக்கள் அறிந்த சொற்கள். ணகரம் தனிக்குறிலைச் சார்ந்து நில்லாமையின் இரட்டாது இயல்பாயிற்று. 'வீணடுக்குதல்' எனத் தொழிற்பெயராகவும் ஆகும். ஆங்கிலம் போல இருசொல்லை உருக்கிக் கலத்தல் நமக்கு இயல்பன்று. பூவிருந்தவல்லி என்பதன் மரூஉவாகக் கூறப்படும் பூந்தமல்லி போன்றன பலர் நாவில் நெடுநாள் வழங்கித் தேய்ந்தவை. ஒருவர் ஒருநாளில் சிதைத்தவை அல்ல.

5. ஆய்வுலகில் வீணடுக்கு

இக்குறை ஆராய்ச்சியாளரிடத்தும் உண்டு. ஆவடி என்னும் ஊர்ப்பெயர் படைத்துறைக் கிடங்கொன்றன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆயது என்னும் கூற்றுப் பலகாலும் எழுதப்படுகின்றது. கனரக ஊர்தித் தொழிற்சாலை அங்கு நிறுவப்பட்டது 1961இல். சமதர்மப் பாங்கான சமுதாயம் பற்றிய தீர்மானத்தை இயற்றிய காங்கிரஸ் மாநாடோ 1955 சனவரியிலேயே ஆவடி மாநாடு எனப் பெயர் பெற்றுவிட்டது. எனவே அத்தொழிற்சாலை பெயர்க்காரணம் ஆதல் இயலாது. அதற்கு முந்திய கிடங்கைக் காட்டுவாரும் அவ்வெழுத்துகளை ஒரே வகையாக விரிப்பதில்லை. சிலர் வெடிமருந்தைச் சேர்ப்பர், சிலர் விடுவர். முதற்பெயர் ஒன்றாயின் விரிவும் ஒன்றாதல் வேண்டும். கிடங்குக்கு முற்பட்ட பதிவுகளில் அவ்வூர் என்ன பெயரால் குறிக்கப்பட்டது என்று தேடுவதே ஆய்வுநெறி. அதனை விடுத்து முன்னவர் கூற்றையே பின்னவரும் கூறல் ஆற்றங்கரைச் சீடர் எண்ணிய எண்ணேயாம்.

நகைச்சொல் பிறரை எள்ளுதற்கு மட்டும் உரியதன்று. தன் செயலுக்குப் பெயரறிந்தவன் அதனைச் செய்யும்போதே காண்பான். கண்டவன் நிறுத்தவும் கூடும். வீணடுக்கு என்னும் சொல்லை மாணவர் முதற்கண் தம் கட்டுரைகளில் தேடிப் பொருத்திப் பார்ப்பாராக.