உண்ணிக் காய்ச்சலைக் கண்டறிவது எப்படி?

மழை ஓய்ந்து புல்லும் புதரும் தழைத்து நிற்கும் மாதங்களில், இமாசல மலைச்சரிவிலும் அஸ்ஸாமிலும் தமிழ்நாட்டிலும் ஒருவகைக் காய்ச்சல் தலைகாட்டுகின்றது. மருத்துவர்கள் இதனை ஸ்கிரப் டைபஸ் என்பர். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று வழங்குகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது நோய்க்கிருமி உடலில் புகுகின்றது. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மா எல்லைக் காடுகளில் போர்வீரர் பலரை வீழ்த்திய நோய்களுள் இதுவும் ஒன்று.

இதற்கு மருந்தில்லையோ எனில், உண்டு. டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் தணிகின்றது. ஆயினும் உயிர்கள் மாள்கின்றன. நோயை இன்னதென்று அறிவதில் நேரும் தாமதமே அதற்கு முதற்காரணம்.

இத்தாமதம் மூன்று வகையில் நேர்கின்றது. முதலாவது, வேற்றுமை தெரியாமை. கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வாந்தி ஆகியவை டெங்கு, மலேரியா, டைபாய்டு ஆகியவற்றுக்கும் பொது. டெங்குவைப் போலவே இதிலும் இரத்தத் தட்டணுக்கள் குறைவதுண்டு. டைபாய்டு எனக் கருதி வழக்கமாக இடும் ஊசிமருந்துகள் பலவற்றுக்கு இக்கிருமி அடங்குவதில்லை.

இரண்டாவது, கடிவாய். அங்கே சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றும். இதைக் கண்டால் ஐயம் பெரிதும் நீங்கும். ஆனால் அதில் வலியிராது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப்பட்டி, மார்பின் கீழ்ப்புறம் போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அதை அறியார். எல்லா நோயாளிக்கும் அது தோன்றுவதுமில்லை.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. 1916ஆம் ஆண்டில் தோன்றிய வைல்-பீலிக்ஸ் சோதனை நோயுள்ளவர் பலரை இல்லையெனக் காட்டிவிடும். இன்றைய எலிசா சோதனை அதனினும் நம்பத்தக்கது. எனினும் அது தேடும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால், நோய் இல்லை என்று துணிதல் ஆகாது.

உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர் வட்டாரம் இதற்குச் சான்று. அங்கே மழைக்காலந்தோறும் மூளை அழற்சியால் குழந்தைகள் இறந்து வந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத் தடுக்க 2006 முதல் தடுப்பூசி இடப்பட்ட பின்னரும் மரணங்கள் தொடர்ந்தன. 2015ஆம் ஆண்டையொட்டி நடந்த ஆய்வுகளில்தான், சோதிக்கப்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் காணப்பட்டது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் ஒன்றைச் சிறப்பாகக் கருத வேண்டும். கடித்த பின் காய்ச்சல் காண ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். மலைநாட்டில் பட்ட கடி, விடுமுறையில் ஊர் சேர்ந்த பின் காய்ச்சலாக வெளிப்படக்கூடும். அவ்வூர் மருத்துவர் அந்த மலையை அறியார். ஆதலின், சென்ற மூன்று வாரங்களில் எங்கெங்கே தங்கினோம், எந்தப் புதரிலும் வயலிலும் நடந்தோம் என்பதைக் கேளாமலே கூறுக. நாணத்தை விடுத்து உடல் முழுவதையும் சோதிக்க இசைக. ஐயம் வலுத்தால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவதுண்டு. அம்முடிவுக்குத் துணையாவது நோயாளி கூறும் இச்செய்தியே.