நிலவேம்புக் குடிநீர்

மழைக்காலத்துச் சுரம் தலைகாட்டும் நாட்களில், பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகளில் வழங்கப்பெறும் நிலவேம்புக் குடிநீர், நிலவேம்பு ஒன்றினால் மட்டும் ஆனதன்று. வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு ஆகிய எட்டுத் திரவியங்களையும் அதனோடு சமபாகமாகச் சேர்த்து, ஒன்றிரண்டாய் இடித்து, நான்கில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி வடித்த கஷாயமே அது. சந்தனம் சேர்ந்தும் கசப்பு என்னவோ குறைவதில்லை! 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு இதனைப் பரவலாக விநியோகித்தது. எனினும், டெங்குவைத் தீர்க்கும் ஔஷதமென்று இது நிரூபணமாகவில்லையாதலால், சுரம் கண்டவர் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் இதனை அருந்துதலும் ஆகாது.